போர்க்காலத்தில் நர்ஸ்களைத் திரட்டுவது எப்படி? ஓர் அடிப்படை அறிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சவுதியிலோ குவைத்திலோ டூட்டி பார்க்கும் ஒரு மகளோ மருமகளோ இருப்பார். போர் வந்தால் காயம்பட்டவர்களைக் கவனிக்க நர்ஸ் கிடைப்பார்களா என்று இங்கே யாராவது கேட்டால், அதற்கென்ன குறை என்றுதான் பதில் வரும். ஆளுக்குக் குறைவில்லை என்பது உண்மையே. அந்த ஆள் எந்த வார்டில், எந்த ஷிப்டில், யாருக்குக் கீழே நிற்கப் போகிறார், அவர் விட்டுவிட்டு வரும் வார்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். உலகப் போர்களில் திணறிய நாடுகள் பெரும்பாலும் திணறியது இந்த இடத்தில்தான். முன்வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை எண்ணி, தரம் பார்த்து, இடம் ஒதுக்கி வைக்கும் வேலை மட்டும் முன்கூட்டியே நடந்திருக்கவில்லை.

செவிலியர் படிப்பில் முதல் வருடம் இருப்பவர்களுக்கும், வெறும் ஆர்வத்தில் படிப்பவர்களுக்கும் புரியும்படி அந்த வேலையை இங்கே விளக்குகிறோம்.

மூன்று அடுக்குகள்

எந்த நாட்டின் போர்க்காலச் செவிலியர் அமைப்பைப் பார்த்தாலும் மூன்று அடுக்கு தெரியும். முதலாவது, சமாதான காலத்திலும் ராணுவத்திலேயே வேலை பார்க்கும் நிரந்தர நர்ஸ்கள். இரண்டாவது, சாதாரண மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டே, கூப்பிட்டால் வருகிறேன் என்று பெயர் கொடுத்து வைத்திருக்கும் ரிசர்வ். மூன்றாவது, முழுப் படிப்பு இல்லாமல் சில மாதப் பயிற்சியோடு வரும் துணைப் பணியாளர்கள்.

நம் நாட்டில் முதல் அடுக்கின் கதை 1888 மார்ச் 28-ல் தொடங்குகிறது. ராணுவ மருத்துவமனைகளில் செவிலியர் பணியை ஒழுங்குபடுத்த, பயிற்சி பெற்ற 10 நர்ஸ்கள் அன்று பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். இந்தியப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1914-ல்தான். 1926 அக்டோபர் 1 அன்று அது இந்திய ராணுவத்தின் நிரந்தரச் செவிலியர் பணியாக அமைக்கப்பட்டது. ராணுவ செவிலியர் சேவை இன்றும் அந்தத் தேதியைத்தான் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. 1943-ல் வந்த அவசரச் சட்டம் அவர்களை அதிகாரிகள் ஆக்கியது. போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் இதைச் செய்ததற்குக் காரணம் உண்டு. தோளில் பதவிப் பட்டை இல்லாத நர்ஸ் சொல்வதை வார்டில் இருக்கும் சிப்பாய் உதவியாளர் கேட்கவில்லை என்றால், இரவு இரண்டு மணிக்கு யாரிடம் போய் முறையிடுவது? நர்ஸின் கையில் பொறுப்பு இருந்தால் அதற்கேற்ற அதிகாரமும் இருக்க வேண்டும்.

நிரந்தர அடுக்கு எப்போதும் சின்னதாகவே இருக்கும். சமாதான காலத்தில் எந்த அரசும் பெரிய படையாக நர்ஸ்களை வைத்துச் சம்பளம் கொடுக்காது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்தின் நிரந்தர நர்ஸ்கள் சுமார் 300 பேர்தான். பிறகு பல்லாயிரமாகப் பெருகியது ரிசர்வையும் துணைப் பணியாளர்களையும் வைத்து. ஆகவே கவனம் போக வேண்டியது இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளுக்கு.

91 பேர் வேண்டுமென்றால் 120 பேரைச் சேர்

பிரிட்டனில் 1908-ல் ஒரு ரிசர்வ் செவிலியர் பணி தொடங்கினார்கள். போர் வந்தால் 23 பொது மருத்துவமனைகளைத் திறப்பது, ஒவ்வொன்றிலும் 520 படுக்கை போடுவது என்பது திட்டம். ஒரு மருத்துவமனைக்குத் தேவை 91 நர்ஸ்கள். ஆனால் பட்டியலில் சேர்த்தது 120 பேரை. அவர்கள் அனைவரும் அன்றாடம் ஏதோ ஒரு சிவில் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த 29 பேர் எதற்கு? அழைப்பு போகும் நாளில் ஒருவர் பிரசவத்தில் இருப்பார், ஒருவர் வேலையை விட்டு ஊர் மாறியிருப்பார், ஒருவரை அவர் வேலை பார்க்கும் மருத்துவமனை விடாது, ஒருவர் முதுகுவலியில் படுத்திருப்பார். பட்டியலில் உள்ள எல்லோரும் வருவார்கள் என்று போடும் திட்டம் முதல் நாளே உடையும். மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கிலும் இதே விகிதம் வேறு வழியாக வந்து நிற்கும்.

பட்டியலே இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1854 ஓர் உதாரணம். கிரிமியப் போரில் காயம்பட்டவர்களின் நிலை பற்றிச் செய்தி வந்ததும், பிரிட்டிஷ் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் சில நாட்களுக்குள் 38 பெண்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர்களில் 14 பேர்தான் மருத்துவமனைகளில் வேலை பார்த்த நர்ஸ்கள். மற்ற 24 பேரில் 10 கத்தோலிக்கக் கன்னியர், 8 ஆங்கிலிக்கன் சகோதரிகள், 6 பேர் ஒரு பயிற்சி இல்லத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் அவருக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும் என்ற நிபந்தனையை அவர் முதலிலேயே வாங்கிக்கொண்டார். நவம்பர் 4 அன்று துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து இறங்கினால், ராணுவ டாக்டர்கள் வார்டுக்குள் விடவில்லை. டாக்டர் கேட்காமல் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது என்று தன் குழுவை அவர் கட்டுப்படுத்தி வைத்தார். இன்கர்மன் சண்டையில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்த பிறகு டாக்டர்களே கூப்பிட்டார்கள்.

டிசம்பரில் மேரி ஸ்டான்லி தலைமையில் இன்னொரு குழு, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள், நைட்டிங்கேல் கேட்காமலேயே வந்து சேர்ந்தது. தங்க இடம் கிடையாது, வேலை ஒதுக்கவில்லை, யாருக்குக் கீழே என்பதும் தெளிவில்லை. நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனாலும் அது பெரும் சச்சரவாக முடிந்தது. கேட்காமல் ஆள் அனுப்புவது உதவி ஆகாது என்பதைப் பேரிடர் நிவாரணத்தில் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நர்ஸ்கள் வந்த பிறகும் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை, குளிர்காலத்தில் கூடியது. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 42-ஐத் தாண்டியது. மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையையும் குடிநீரையும் காற்றோட்டத்தையும் சரி செய்தது. ஜூன் மாதத்தில் அது சுமார் 2 ஆக இறங்கியது. கழிவுநீரும் குடிநீரும் கலக்கும் கட்டடத்தில் நூறு நர்ஸ்களை நிறுத்தினாலும் பலன் வராது. எனவே ஆள் கணக்கு போடும்போதே தண்ணீர், கழிப்பிடம், துணி வெளுப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டுவிட வேண்டும்.

யாரை வேண்டாம் என்கிறோம்?

பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி நாமே உண்டாக்குவது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-ல் டோரதியா டிக்ஸ் ராணுவ நர்ஸ்களின் கண்காணிப்பாளர் ஆனார். வயது 35 முதல் 50 வரை, பார்வைக்கு எளிமை, பழுப்பு அல்லது கறுப்பு உடை, நகை கூடாது, சுருள் முடி கூடாது என்பவை அவர் வகுத்த விதிகள். ஒரு நாளுக்கு 40 சென்ட் கூலியும் சாப்பாடும். இளம்பெண்களை ராணுவ முகாமுக்குள் அனுப்பினால் பேச்சு வரும் என்ற பயத்தில் போட்ட விதிகள் அவை. ஓடியாடி வேலை செய்யக்கூடிய பலர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கடைசியில் 1863-ல் தலைமை அறுவை மருத்துவரும் நர்ஸ்களை நியமிக்கலாம் என்று உத்தரவு போட்டு அவருடைய பிடியைத் தளர்த்தினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் நடந்தது இன்னும் வேதனையானது. அமெரிக்க ராணுவம் 1941-ல் கறுப்பின நர்ஸ்களுக்கு 56 இடம் மட்டுமே ஒதுக்கியது. முழுப் படிப்பும் பதிவும் உள்ள ஆயிரக்கணக்கான கறுப்பின நர்ஸ்கள் காத்திருந்தார்கள். 1945 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், நர்ஸ்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். மேபல் ஸ்டாப்பர்ஸ் போன்ற செவிலியர் தலைவர்கள் விடாமல் எழுப்பிய கேள்வி எளிமையானது: தயாராக நிற்பவர்களை உள்ளே விடாமல் எதற்குக் கட்டாயம்? அந்த மாதமே ராணுவம் தடையை நீக்கியது. ஜெர்மனி சரணடைந்ததும் கட்டாயச் சட்டமும் கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கதவு இருந்தது. திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ராணுவ செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு விதியே தன்னிச்சையானது என்றும் சொன்னது. நம் மாவட்டக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ராணுவ செவிலியர் சேவை இப்போதும் பெண்களை மட்டுமே எடுக்கிறது. ஆண்களுக்கு ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட் என்ற வேறு வழி இருக்கிறது, அது அதிகாரி பதவி அல்ல. போர்க்காலத் தேவை என்று வந்தால் இதுவும் மறுபடி யோசிக்க வேண்டிய விதிதான்.

பட்டியலில் என்ன எழுத வேண்டும்?

பெயர், செல்போன் நம்பர், முகவரி என்ற மூன்று மட்டும் உள்ள பட்டியல் எதற்கும் உதவாது. ஒரு மாவட்ட அளவில் பட்டியல் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பதிவு எண். தமிழ்நாட்டில் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார்கள். ஆனால் நம் மாவட்டம் எல்லை மாவட்டம். திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் மங்களூரிலும் படித்தவர்கள் ஏராளம், அவர்களின் பதிவு கேரளத்திலோ கர்நாடகத்திலோ இருக்கும். எந்தக் குழுமம், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தனியாக ஒரு கட்டம் போட வேண்டும். சான்றிதழின் நகலைப் பார்த்து மட்டும் திருப்தி அடையாமல், எண்ணைக் குழுமத்தின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். போர்க்கால அவசரத்தில் போலிகள் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

அடுத்து, படிப்பு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) சான்றிதழா, ஜி.என்.எம். (பொதுச் செவிலியர்) டிப்ளமாவா, பி.எஸ்சி. பட்டமா. அதைவிட முக்கியம், கடைசியாக எந்த வார்டில் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்பது. பத்து வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தவரை நேராக ஆபரேஷன் தியேட்டரில் நிறுத்தினால் அவருக்கும் கஷ்டம், நோயாளிக்கும் ஆபத்து. வளைகுடாவில் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய. இரண்டு வாரம் வார்டில் பழைய கையைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் பெரிய சொத்து. மருந்து அளவுக் கணக்கு பத்து, சொட்டு வேகக் கணக்கு ஐந்து கொடுத்துப் பாருங்கள். உதாரணமாக 1000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் குழாய் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை? சுமார் 42. பேப்பரும் பேனாவும் இல்லாமல் கிட்டத்தட்டச் சொல்பவரை நம்பி அனுப்பலாம். தடுமாறுபவரை ஒதுக்க வேண்டாம், முதல் வாரம் ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுங்கள்.

பிறகு தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. ரத்தத்திலேயே புழங்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். கணக்குப் பாருங்கள், ஆறு மாதம். போர் அறிவித்த வாரத்தில் இதைத் தொடங்கினால் எப்போது முடியும்? பட்டியல் முன்பே வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

மொழியையும் எழுதுங்கள். காயம்பட்டு வரும் சிப்பாய்க்கு இந்தியோ பஞ்சாபியோ நேபாளியோ தாய்மொழியாக இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவராவது இருக்க வேண்டும். வீட்டில் பால்குடிப் பிள்ளை, படுத்த படுக்கையான பெற்றோர் உண்டா, மாற்று ஆள் யார் என்பதும் இதே பக்கத்தில் வர வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால், மூன்றாம் நாள் இரவில் அவர் லீவு கேட்டு நிற்பார். அவர் மேல் தவறில்லை.

பட்டியலில் வரும் பெரிய பிழை, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தன் நர்ஸ்களை எண்ணி ஒரு பட்டியல் தரும். அதே நர்ஸ் ஊரில் சர்ச் வழியாகத் தன்னார்வலராகவும் பெயர் கொடுத்திருப்பார். பதிவு எண்ணை வைத்து ஒப்பிடாவிட்டால் காகிதத்தில் இருநூறு பேர், வாசலில் நூற்றிருபது பேர். இன்னொன்று, ஒரே மருத்துவமனையிலிருந்து அள்ளிக்கொண்டு போவது. போர் நடந்தாலும் பிரசவமும் மாரடைப்பும் விபத்தும் நிற்காது. எந்த ஒரு வார்டிலிருந்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

எடுத்த இடத்தை நிரப்புவதில் அமெரிக்கா 1943-ல் செய்தது பாராட்ட வேண்டிய வேலை. 17 முதல் 35 வயது வரையுள்ள பெண்களுக்குப் படிப்புச் செலவு, சீருடை, உதவித்தொகை அனைத்தையும் அரசே கொடுத்தது. முதல் ஒன்பது மாதம் மாதம் 15 டாலர், பிறகு 20, கடைசிக் கட்டத்தில் குறைந்தது 30. 36 மாதப் பாடத்தை 30 மாதமாகச் சுருக்கி, மீதி மாதங்களை மருத்துவமனைப் பணியாக்கினார்கள். சுமார் 1,24,000 பேர் படித்து முடித்தார்கள். அவர்களை முன்னணிக்கு அனுப்பவில்லை. உள்நாட்டு வார்டுகளை அவர்கள் தாங்கியதால்தான் அனுபவம் உள்ளவர்களை ராணுவத்துக்கு விட முடிந்தது.

ஒரு வார்டுக்கு எத்தனை பேர்?

கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். நாகர்கோவிலில் காயம்பட்டவர்களுக்காக 60 படுக்கை, 6 ஐ.சி.யூ. படுக்கை, 2 ஆபரேஷன் டேபிள் திறக்கிறோம்.

ஒரு ஷிப்டுக்கு, பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒருவர் என்றால் 10 பேர். ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு ஒருவராக 6. ஒரு டேபிளுக்கு இருவர் வீதம் 4. வாசலில் நோயாளியைப் பிரித்து அனுப்ப 3. மொத்தத்துக்கும் ஓர் இன்சார்ஜ். ஆக 24 பேர். எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று என்றால் 72 பேர்.

புதிதாகக் கணக்கு போடுபவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். லீவு ரிசர்வ் என்று 30 சதவீதம் சேர்க்க வேண்டும், அதாவது இன்னும் 22 பேர். மொத்தம் 94. இது ஆடம்பரம் இல்லை. வார ஓய்வுக்கே தினம் 13 பேர் போவார்கள். மீதி 81-ல் 72 பேர் டூட்டியில். காய்ச்சலுக்கும் வீட்டில் துக்கத்துக்கும் கையில் இருப்பது 9 பேர் மட்டும். இந்த 94 பேர் உண்மையிலேயே வந்து நிற்க வேண்டுமானால், பழைய 91-க்கு 120 என்ற விகிதப்படி பட்டியலில் சுமார் 124 பேர் இருக்க வேண்டும்.

12 மணி நேர ஷிப்ட் வைத்தால் 48 பேரும் ரிசர்வும் சேர்த்து 63 போதுமே என்று தோன்றும். பத்து நாளைக்குச் சரி. அதற்கு மேல் போனால் வாரம் 72 மணி நேரம் நிற்கிற கை தடுமாறும். மருந்து மாறுவதும் ஊசி தன் விரலிலேயே குத்துவதும் ஷிப்டின் கடைசி மணி நேரங்களில்தான். நெருக்கடி வந்தால் 12 மணி நேரத்துக்குப் போங்கள், ஆனால் எந்தத் தேதியில் எட்டுக்குத் திரும்புகிறோம் என்பதை அதே உத்தரவில் எழுதிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது?

காயம்பட்டவர் சண்டை நடக்கும் இடத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை படிப்படியாகப் பின்னுக்குக் கொண்டுவரப்படுவார். முதலில் படைப்பிரிவின் முதலுதவி நிலையம், அடுத்து கட்டுப்போடும் நிலையம், பிறகு அறுவை வசதி உள்ள கள மருத்துவமனை, அங்கிருந்து ரயிலிலோ விமானத்திலோ தளமருத்துவமனை. முன்னால் போகப் போக வேலை குறுகலாகவும் வேகமாகவும் இருக்கும்: ரத்தத்தை நிறுத்து, மூச்சு வழியைத் திற, அனுப்பு. பின்னால் வர வர நீண்டதாகும்: புண் ஆற்றுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, கால் இழந்தவரை நடக்க வைப்பது. அதிகம் நர்ஸ்கள் தேவைப்படுவது பின்னால்தான். முன்வரிசைக்கே எல்லோரும் ஆசைப்படுவதால், பின்வரிசைக்கு ஆள் போடுவதில் கண்டிப்பு வேண்டும்.

இந்தச் சங்கிலியோடு நம் மாவட்டத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், முதல் உலகப் போரில், 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தின் பின்னால் இருந்த அறுவை நிலையத்தில் பணியாற்றியவர். அந்தச் சண்டையின் முதல் நாளான ஜூலை 1-ல் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் காயம்பட்டோ இறந்தோ காணாமலோ போனார்கள். நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனைக்கு 1893-ல் தொடக்கம் போட்ட ஹாரி ஆண்ட்ரூஸ், பின்னாளில் ராணுவ மருத்துவரானார். 1919 அக்டோபர் 22 அன்று வஜீரிஸ்தானில் (இன்றைய பாகிஸ்தான்) தாக்கப்பட்ட வாகன அணிக்குப் பக்கத்தில் முதலுதவி நிலையம் அமைத்து, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றி முடித்து, தானும் ஏறும்போது கொல்லப்பட்டார். இறந்த பின் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

வாசலில் நோயாளியைப் பிரிக்கும் வேலைக்கு யாரைப் போடுவது என்பதில் அடிக்கடி தவறு நடக்கும். புதியவரை வாசலிலும் அனுபவசாலியை உள்ளேயும் போடுவார்கள். மாற்றிப் போட வேண்டும். பிரிக்கும் முறை ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எழுந்து நடக்க முடிந்தவர்களை முதலில் ஒருபுறம் போகச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பச்சை அட்டை. மீதியில், மூச்சு இல்லாதவரின் தலையைச் சரித்து வழியைத் திறந்தும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் இருந்தாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, கையைப் பிடித்து அழுத்துங்கள் என்றால் செய்யாவிட்டாலோ சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள். சிவப்பை உடனே பார்க்க வேண்டும், மஞ்சள் சற்றுக் காத்திருக்கலாம், பச்சை கடைசியில்; கறுப்பு என்றால் காப்பாற்ற வழியில்லை.

பிரிப்பவர் செய்யக்கூடிய சிகிச்சை இரண்டே இரண்டு: மூச்சு வழியைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது. மனசு கேட்காமல் ஒருவருக்கு டிரிப் போட உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரிசையில் இருப்பவர் இறந்துபோவார். ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டையை (டூர்னிகே) காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, கட்டிய நேரத்தை அட்டையில் எழுத வேண்டும். நேரம் எழுதாத பட்டையோடு வரும் நோயாளியை வைத்துக்கொண்டு, அந்தக் காலை இன்னும் காப்பாற்ற முடியுமா என்று உள்ளே இருக்கும் அறுவை மருத்துவரால் கணிக்க முடியாது.

பயிற்சி இல்லாமல் வருகிறவர்கள்

தன்னார்வத்தோடு வரும் பெண்களையும் ஆண்களையும் திருப்பி அனுப்பக் கூடாது, நர்ஸ் என்றும் அழைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லை வேண்டும். பிரிட்டனில் 1909-ல் தொடங்கிய தன்னார்வ உதவிப் பிரிவினரை, முதல் உலகப் போரில் வெளிநாட்டுக்கு அனுப்ப 23 வயதும் மூன்று மாத மருத்துவமனை அனுபவமும் கேட்டார்கள். நம் தமிழ்ப் பெண்களின் வரலாற்றிலும் இந்த அடுக்கு இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் 1943-ல் டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நிறைய இருந்தார்கள். அதன் செவிலியர் பிரிவுக்கு சாந்த் பீபி என்று பெயர். பர்மாவில் மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தார்கள்.

இப்படி வருபவர்களுக்கு முதல் வாரம் மூன்று விஷயம் போதும்: சோப்பு போட்டு 40 முதல் 60 வினாடி கை கழுவுவது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, இருவர் சேர்ந்து முதுகு வலிக்காமல் தூக்குவது. இரண்டாம் வாரம் நாடி, காய்ச்சல், மூச்சு எண்ணி எழுதுதல். மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவதை முதலிலேயே தடுத்துவிடுங்கள், பிறகு அந்தப் பழக்கம் போகாது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கழிகலம் வைப்பது, வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது எல்லாம் அவர்கள் வேலை. ஊசி, ரத்தம் ஏற்றுதல், மருந்து அளத்தல், ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) மேஜை ஆகியவற்றைத் தொடக் கூடாது. இந்த இரண்டு பட்டியலையும் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் வார்டு சுவரில் ஒட்டுங்கள். நெருக்கடியில் சீனியரே, இதை மட்டும் போட்டுவிடு மோளே என்று ஊசியை நீட்டுவார். அப்போது மறுக்கும் தைரியத்தை அந்தச் சுவரொட்டிதான் கொடுக்கும்.

சட்டப் பாதுகாப்பு

1949 ஜெனீவா ஒப்பந்தங்களின்படி ராணுவச் செவிலியரைத் தாக்கக் கூடாது. பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி அல்ல, கைதிகளைக் கவனிக்கத் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இடது கையில் ராணுவ முத்திரை குத்திய செஞ்சிலுவைப் பட்டை, நனைந்தாலும் கெடாத அடையாள அட்டை இரண்டும் வேண்டும். யாரை முதலில் கவனிப்பது என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். எதிரி நாட்டுச் சிப்பாய்க்குச் சிவப்பு அட்டை என்றால், நம் ஆளின் மஞ்சள் அட்டைக்கு முன்பு அவரைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியில் இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லாவிட்டால், அன்று இரவு வார்டில் சண்டை வரும்.

அந்தச் சிலுவைக் குறியைக் கண்டபடி பயன்படுத்தக் கூடாது என்று நம் நாட்டின் 1960-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் சொல்கிறது. கிளினிக் போர்டிலும் தனியார் ஆம்புலன்ஸிலும் அதை வரைந்து வைப்பது அந்தச் சட்டத்துக்கு எதிரானது. எல்லோரும் போட்டுக்கொண்டால், உண்மையான ஆபத்தில் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளிநாட்டுப் போரில் சிக்குவது நம் பெண்களுக்கு இன்னும் அருகில் இருக்கும் ஆபத்து. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸ்கள் பிடித்து வைக்கப்பட்டு ஜூலையில் மீட்கப்பட்டார்கள். மறு ஆண்டே, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே நர்ஸ்களை எடுக்கலாம் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் போகும் முன் அங்கே விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் சண்டை மூண்டால் திரும்பி வரும் செலவு யாருடையது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்.

விடுவிப்பது

சேர்க்கும்போதே விடுவிக்கும் தேதியையும் முறையையும் எழுத வேண்டும். பழைய வேலை அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று அவர் வேலை பார்த்த மருத்துவமனையிடமிருந்து எழுத்தில் வாங்காமல் யாரையும் அழைக்கக் கூடாது. முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டனில் 1919-ல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தபோது, வருடக்கணக்கில் வார்டில் உழைத்த தன்னார்வப் பெண்களுக்கு அந்தச் சேவை மட்டும் நர்ஸ் என்ற பதிவைத் தரவில்லை. பலர் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே விடுவிக்கும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பணிச்சான்று போக வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வார்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை யாருடைய மேற்பார்வையில் செய்தார், மேற்பார்வையாளரின் பதிவு எண் என்ன என்று அதில் இருக்க வேண்டும். பணியில் ஊசி குத்தியதோ முதுகு பிடித்ததோ இருந்தால் அது நடந்த தேதியும் அதே தாளில் வர வேண்டும். பின்னால் இழப்பீடு கேட்கப் போகும்போது அவரிடம் வேறு ஆதாரம் இருக்காது. சான்றின் ஒரு நகல் மாவட்டப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோக்கப்பட வேண்டும்.